மாப்பிள்ளை விசாரிக்க மலையேறிய கதை

"பராக்கா குடிக்கிறவரோ?"

கணப்பு அடுப்பில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த ஆளிடம் இப்படித்தான் என் விசாரணையைத் தொடங்கினேன். வெளியே மலை முழுவதையும் மூடுபனி விழுங்கியிருந்தது. இரண்டு பருத்திச் சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி, அதற்கு மேல் என் கணவரின் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு, பல்லோடு பல் அடிக்கக் குந்தியிருந்தேன். இருந்த இடம் ஆபிரிக்கா. வந்தது ஜேர்மனியில் இருந்து.

அந்த ஆள் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு நல்ல ஜேர்மன் மொழியில் பதில் சொன்னார்.

"கலியாண வீடுகளில குடிப்பார். குடிச்சால் பாடுவார். பாட்டு அவ்வளவு நல்லா இராது."

அவர் பேசியது ஜேர்மன்தான். ஆனால் இவ்வளவு காலம் ஜேர்மனியில் இருந்தும் என் காதில் எந்த மொழியும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வந்து விழுகிறது. வைத்தியர் பேசினாலும் அப்படித்தான், பஸ் சாரதி பேசினாலும் அப்படித்தான். ஆகவே விழுந்தபடியே எழுதுகிறேன்.

குடி ஒரு குற்றம், பாட்டு இன்னொரு குற்றம் என்று மனதில் போட்டுக்கொண்டேன். தொடக்கமே நல்லாக இருந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த என் கணவர் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

படம் வந்த கதை

போன வாரம் எங்கள் கட்டடத்து நிலவறையில் உடுப்புக் காயப்போடும் கயிற்றுக்கு நடந்த சண்டையை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு டுசல்டோர்ஃபில் இருந்து ஒரு அக்கா தொலைபேசி எடுத்தார். கயிறு கிடக்கட்டும், மகளுடைய விசயம் என்ன மாதிரி என்று கேட்டார். டுசல்டோர்ஃப் வரைக்கும் போய்விட்ட கதையை இனி மூடி என்ன பயன்? நானே எழுதிவிடுகிறேன், மற்றவர்கள் எழுதினால் பிழை பிழையாக எழுதுவார்கள்.

தாரணி எங்களுக்கு ஒரே பிள்ளை. பீலெஃபெல்டில் பிறந்து வளர்ந்தவள். குடிநீர் வழங்கும் பொறியியல் படித்தாள். ஒரு வருடத்து வேலை என்று சொல்லித் தான்சானியாவுக்குப் போனாள். அங்கே உசம்பரா என்றொரு மலைத்தொடர், அதில் லுஷோட்டோ என்றொரு ஊர். ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வழியாகச் சுற்றுக் கிராமங்களுக்கு இறக்குவது அவளுடைய வேலை.

ஒரு வருடம் இரண்டாகியது. இரண்டு மூன்றாகியது. தண்ணீர் கீழ்நோக்கி ஓடுவதற்கு இவ்வளவு காலம் எடுக்குமா என்று கேட்டேன். அப்போதுதான் பராக்கா என்ற பெயர் வெளியே வந்தது.

மலையில் இருக்கும் பழைய ஜேர்மன் விடுதியை அவர்தான் பார்த்துக்கொள்கிறார், நல்ல மனிதர், படம் அனுப்பட்டுமா என்று கேட்டாள். அனுப்பாதே என்றேன். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையின் படத்தை வாங்கிப் பார்த்தால் பாதிச் சம்மதம் என்று அர்த்தம். மீதிப் பாதிக்கு வாதாடக்கூட நேரம் தரமாட்டார்கள்.

அவள் அனுப்பிவிட்டாள். வாட்ஸ்அப்பில் வந்து விழுந்த சத்தம் கேட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டு கைத்தொலைபேசியை என் கணவரிடம் நீட்டினேன். பார்க்காமல் அழித்துவிடுங்கள் என்றேன். இவர் மேசையில் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, சற்று நேரம் கழித்து, "அழிச்சாச்சு" என்றார். பார்க்காமல் அழிக்கிற மனிதருக்குக் கண்ணாடி எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

படங்களை நான் நம்பாததற்கு வேறொரு காரணமும் உண்டு. என் கலியாணமும் ஒரு படத்தில்தான் தொடங்கியது. ஜேர்மனியில் இருந்து ஊருக்கு வந்த அந்தப் படத்தில் இவர் ஒரு சிவப்புக் காரில் சாய்ந்து நின்றார். கழுத்தில் டை. தலை நிறைய முடி. நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டேன்.

பிராங்பேர்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது கார் இல்லை, டை இல்லை, முடியும் பாதிதான் மிச்சம். கார் பக்கத்து வீட்டு ஜேர்மன்காரருடையதாம். டை அகதி விடுதியில் இருந்த எல்லோரும் முறை வைத்துக் கட்டிப் படம் எடுத்ததாம். முடிக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். கவலையில் கொட்டிவிட்டது என்றார். என்ன கவலை என்று இன்றுவரை சொல்லவில்லை.

என் பயம்

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். மாப்பிள்ளை ஆபிரிக்கர் என்பது எனக்குப் பிரச்சினை இல்லை. நான் நிறத்தைப் பற்றிக் கதைத்தால் என் வீட்டு நிலைக்கண்ணாடியே சிரிக்கும். சமயமும் பிரச்சினை இல்லை. கோயில் தேருக்கும் வருவோம், நத்தார் கேக்கும் வெட்டுவோம்.

என் பயம் ஒன்றே ஒன்றுதான். அவள் அந்த மலையிலேயே இருந்துவிடுவாள் என்ற பயம். ஒரே பிள்ளை. இருட்டும் நேரத்தில் கதவு மணி அடித்தால் இப்போதும் அவள்தான் என்று நினைத்துக்கொண்டு எழும்புகிறேன். பொதி கொண்டு வருகிறவன் நிற்பான்.

தாரணியும் தன் பக்கத்தைச் சொல்லிவிட்டாள். ஈஸ்டர் கழிந்ததும் பதிவுத் திருமணம். "நீங்கள் ஓம் எண்டால் உங்களோட கட்டுவன். இல்லையெண்டாலும் கட்டுவன் அம்மா. ஆனா நீங்கள் இல்லாமல் கட்டினது எனக்குக் காலத்துக்கும் மனசில கிடக்கும்."

நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஒரு திகதியும் சொன்னேன். சொன்ன திகதிக்கு முன்னதாகவே விமானச்சீட்டு எடுத்தேன்.

இது ஏமாற்று வேலை இல்லை. முறையான வழக்கம். ஊரில் ஒரு சம்பந்தம் பேசுவதற்கு முன்பு மாமன்மாரில் ஒருவரை மாப்பிள்ளையின் ஊருக்கு அனுப்புவார்கள். அவர் ஒழுங்கை முகப்பில் இருக்கும் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு, யாரோ வழிப்போக்கர் போல, பெடியன் எப்படி, குடிவெறி உண்டா, தாய் வாய்க்காரியா என்று கதை பிடுங்குவார். அதற்குப் பெயர் விசாரணை. என் மாமன்மாரில் ஒருவர் கனடாவில், ஒருவர் நோர்வேயில், இரண்டு பேருக்கும் முழங்கால் வருத்தம். நானே வெளிக்கிட்டேன்.

பனி பெய்யாத ஊரில் பனிக்கூரை

வெளிக்கிட முன்பு இவர் பெட்டியில் இரண்டு ஸ்வெட்டர் வைத்தார். ஆபிரிக்காவுக்கு ஸ்வெட்டரோ என்று சிரித்துவிட்டு இரண்டையும் வெளியே எடுத்துப் போட்டவள் நான்.

கீழே சமவெளியில் என் பக்கம்தான் நியாயம் இருந்தது. செம்மண், கண்ணுக்கு எட்டிய தூரம் கயிறு திரிக்கும் கற்றாழைத் தோட்டம், உச்சி பிளக்கும் வெயில். இவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். பிறகு வாடகைக் கார் மலையில் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கண்ணாடியை ஏற்றினோம். ஏற்றுவதற்குக் கண்ணாடி முடிந்த பிறகும் வளைவுகள் இருந்தன. இப்போது இவர் சிரித்தார்.

மேலே போய் இறங்கினால் பீலெஃபெல்ட். கருங்கல் சுவர், சிவப்பு ஓடு, ஜன்னலுக்கு மரக்கதவு. விடுதியின் கூரை செங்குத்தாகச் சரிந்திருந்தது. பனி வந்து விழுந்தால் தேங்காமல் வழுக்கிப் போவதற்காக அப்படிக் கட்டுவார்கள். அந்த ஊரில் எந்தக் காலத்திலும் பனி விழுந்ததில்லை.

விடிந்ததும் காலைச் சாப்பாடு வந்தது. கறுத்தப் பாண், பாற்கட்டி, பிளம்ஸ் ஜாம். வாழைப்பழத்தில் ஏதாவது புதினமான பலகாரம் செய்து தருவார்கள் என்று ஆசையோடு வந்திருந்த இவர், தட்டை இரண்டு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இதுக்கு வீட்டிலயே இருந்திருக்கலாம்" என்றார்.

நூறு வருடத்துக்கும் முன்பு இந்தப் பக்கமெல்லாம் ஜேர்மனியின் கையில் இருந்தது. கடற்கரையில் வெக்கை, நுளம்பு, காய்ச்சல். தாங்க முடியாத அதிகாரிகள் மேலே ஓடி வந்தார்கள். ஊருக்குத் தங்கள் மன்னர் வில்ஹெல்மின் பெயரை வைத்தார்கள். உருளைக்கிழங்கு நட்டார்கள், பழமரம் வைத்தார்கள், கணப்பு அடுப்புக் கட்டினார்கள். உலக யுத்தம் வந்தது. வந்தவர்கள் போனார்கள், வைத்த பெயரும் போனது. கூரை மட்டும் பனிக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது.

ஜேர்மனியிலேயே இது பலருக்குத் தெரியாது. எங்கள் மேல்மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். போகும் ஊரின் பழைய பெயரைச் சொன்னேன். கேள்விப்பட்டதே இல்லை என்றார். அவர் படிப்பித்த பாடம் வரலாறு.

சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நுவரெலியாவுக்குப் போயிருக்கிறேன். அண்ணாவிடம் இரவல் வாங்கிய கம்பளித் தொப்பிக்குள் ஒரு நாள் முழுக்க நடுங்கினேன். அங்கே ஆங்கிலேயர் செய்ததும் இதே வேலைதான். ரோசாத் தோட்டம், குதிரைப் பந்தயத் திடல், செங்கல் தபாற்கந்தோர். பிறத்தியாரின் நாட்டைப் பிடிப்பார்கள். பிடித்த கையோடு அங்கே வெயில் கூட என்று முறைப்பாடு சொல்வார்கள். பிறகு மலை உச்சியில் போய்த் தங்கள் ஊரைக் கட்டுவார்கள்.

நாங்கள் மட்டும் என்ன குறைவா? பீலெஃபெல்டில் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு, ஜன்னலோரம் கறிவேப்பிலைக் கன்றைப் பொத்திப் பொத்தி வளர்த்து, வீட்டுக்குள் ஒரு யாழ்ப்பாணம் கட்டித்தானே வைத்திருக்கிறோம். ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் வந்து ஆண்டார்கள். நாங்கள் கந்தோர் கந்தோராக டெர்மின் என்று சந்திப்பு நேரம் எடுத்து வரிசையில் நின்றோம்.

பெயரைத் தவிர எல்லாம்

விறகுக்காரரிடம் திரும்புகிறேன்.

தாரணி அப்போது மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குழாய் பதித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி எடுபடாத இடம். நாங்கள் வந்தது அவளுக்குத் தெரியாது. விடுதியில் கால் வைத்ததும் பராக்கா இருக்கிறாரா என்று கேட்டேன். "இஞ்சதான் இருக்கிறார். கொஞ்சம் வேலை" என்றார் எங்கள் பெட்டியைத் தூக்கி வந்த இதே மனிதர். விடுதியைப் பார்த்துக்கொள்கிறவர் என்றால் எங்கேயாவது மேசைக்குப் பின்னால் இருப்பார் என்று விட்டுவிட்டேன். முப்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது. நெடுவல். பெட்டி, விறகு, தேநீர் எல்லாம் அவர்தான்.

அவரையே பிடித்துக்கொண்டேன். எங்கள் ஆட்கள் ஒருவரைக் கண்டால் பெயரைக் கேட்பதில்லை. எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்றுதான் கேட்போம். அது இரண்டும் தெரிந்த பிறகு பெயர் எதற்கு? அதே வழக்கப்படி விறகுக்காரரிடமும் கேட்டேன். வீடு கீழ்ச் சரிவில். தகப்பன் இல்லை. தாய் முட்டைக்கோவாவும் கரட்டும் பயிர் செய்கிறார். பராக்காவின் ஊர் எது என்று கேட்டேன். அதே சரிவுதான் என்றார். அப்படியென்றால் சொந்தமா என்றேன்.

"ஓம், சரியான கிட்டத்துச் சொந்தம்" என்றார்.

சமையலறைப் பக்கம் ஒரே சிரிப்பு. சந்தோசமான வேலையாட்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கோபம் வருமா? வெளிச்சத்தை அணைக்காமல் போகிறவர்களோடு வருமாம். முன்பு ஏதாவது காதல்? இருந்ததாம், ஜேர்மனியில் படிக்கும்போது. ஏன் முறிந்தது? பராக்கா ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று நின்றாராம், அந்தப் பெண் வரமாட்டேன் என்றாளாம்.

ஜேர்மனியில் இருந்து எதற்குத் திரும்பினார், விசா முடிந்து அனுப்பிவிட்டார்களா என்று கேட்டேன். இல்லையாம். காடு வளர்க்கும் படிப்பு முடித்து, வேலையும் கிடைத்து, விசாவும் கையில் இருந்ததாம். அவராகவே திரும்பி வந்தாராம்.

நான் என் கணவரைப் பார்த்தேன். இவர் அடுப்பைப் பார்த்தார். அந்த ஒரு முத்திரைக்காக நாங்கள் எத்தனை குளிர்காலம் வெளிநாட்டவர் கந்தோரின் வாசலில் நின்றோம். கையில் விசாவை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் தானாகத் திரும்பிப் போவதா? எங்கள் ஆட்களிடம் சொன்னால் நேரே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போவார்கள்.

"அவருக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்லை. சுகமாத்தான் இருக்கிறார்."

பிறகுதான் நான் கேட்க வந்த கேள்வியைக் கேட்டேன். கலியாணம் முடிந்தால் ஜேர்மனிக்கு வருவாரா?

அவர் ஒரு விறகைத் திருப்பிப் போட்டார்.

"லீவுக்கு வருவார். இருக்க வரமாட்டார். அந்தப் பிள்ளையிட்டயும் முதல் நாளே சொல்லிப்போட்டார்."

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. எழும்பி அறைக்குப் போனேன். கட்டிலில் கிடந்தபடி ஒரு திட்டம் போட்டேன். குடிக்கிறார், கேட்க முடியாமல் பாடுகிறார், ஜேர்மன் விசாவை எறிந்துவிட்டு வந்திருக்கிறார். மூன்றையும் கொஞ்சம் உப்பும் புளியும் சேர்த்துத் தாரணியிடம் சொன்னால் போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அந்த ஆள் ஒரு கம்பளிச் சட்டையும் இஞ்சித் தேநீரும் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். சட்டை அவருடையது. தோய்த்து மடித்திருந்தது. போட்டுக்கொண்டேன். இரண்டு நாளில் முதல்முறையாகப் பல் அடிப்பது நின்றது.

எனக்கு மனம் இளகிவிட்டது. இவரிடம் தமிழில் சொன்னேன், "இஞ்சேருங்கோ, தாரணிக்கு இந்தப் பிள்ளை கண்ணில படேல்லையே. எவ்வளவு பதவிசு. இவனெண்டாலும் பரவாயில்லை எண்டு விட்டிருப்பன்."

இவருக்குத் தேநீர் புரைக்கேறியது. எனக்கு அத்தோடு நிறுத்தத் தெரியவில்லை. அந்த ஆளிடமே ஜேர்மனில் திருப்பிச் சொன்னேன், என் மகள் உம்மைப் போல ஒருவரைப் பார்த்திருக்கலாம் என்று. அவர் கையில் இருந்த விறகு காலில் விழுந்தது.

ஜீப் வந்து நின்றது

மத்தியானம் தாரணி வந்தாள். முழங்கால் வரை சேறு. எங்களைக் கண்டதும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கட்டிப்பிடிப்பாள் என்று நான் எழும்பினேன். அவள் என்னைத் தாண்டி விறகுக்காரரைப் பார்த்தாள்.

"பராக்கா, உனக்கு எப்ப தெரியும்?"

"கார் வந்து நிண்ட உடனே" என்றார் அவர்.

நான் திரும்பக் கதிரையில் குந்திவிட்டேன். மாப்பிள்ளையின் கம்பளிச் சட்டை என் உடம்பில் இருந்தது. எங்கள் படங்களைத் தாரணி அவருக்கு எப்போதோ காட்டியிருந்தாள். அதுவும் தேவையில்லை. தாரணியின் பெயருக்குப் பின்னால் வரும் அதே பெயரில்தான் நான் அறையும் எடுத்திருந்தேன். துப்புத் துலக்க வந்தவளின் கெட்டித்தனம் அவ்வளவு.

இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"அழிக்க முதல் ஒருக்காப் பாத்தனான்" என்றார். "நீர் பாக்க வேண்டாம் எண்டுதானே சொன்னனீர். பாத்தால் சொல்லச் சொல்லி ஒண்டும் சொல்லேல்லையே."

சமையலறை முழுக்க வாசலுக்கு வந்து நின்று சிரித்தது. மலை முழுக்கத் தெரிந்த விசயம் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

கோபம் வந்தது. சொன்ன பதில்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் பொய் இல்லை. அதனால் கோபம் இன்னும் கூடியது. ஜேர்மனிக்கு வருவார் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் என் வாயை அடைத்திருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்று பராக்காவிடம் கேட்டேன்.

"விசாரிக்கத்தானே வந்தனீங்கள்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

பிறகு அவர் கொஞ்சம் தயங்கிக்கொண்டு சொன்னார், தன் தாயும் எங்களை விசாரிக்க வேண்டும் என்று நிற்கிறாராம்.

மற்றப் பக்கத்து விசாரணை

அடுத்த நாள் சரிவில் இறங்கிப் போனோம். கோவாப் பாத்திகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட வீடு. பராக்காவின் தாய் என்னிலும் கட்டை, என்னிலும் இரண்டு மூன்று வயது கூட இருக்கும். பூப்போட்ட துணியை இடுப்பில் வரிந்து கட்டியிருந்தார். எங்களைத் தோட்டத்து வாங்கில் இருத்தி, தேநீரும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் வைத்தார். அவருக்கு சுவாகிலி மட்டும்தான் தெரியும். எனக்குத் தமிழும் கொஞ்சம் ஜேர்மனும். நடுவில் தாரணி நின்றாள்.

சுற்றி வளைக்கவில்லை. மகன் உங்களுக்கு எல்லாம் சொல்லிவிட்டான், இனி நீங்கள் உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நல்லதை நானே பார்த்துக்கொள்கிறேன், மற்றதைச் சொல்லுங்கள் என்றார்.

சமைப்பாளா? சமைக்கத் தெரியாது என்றேன். தாரணி முகத்தைச் சுளித்தபடி மொழிபெயர்த்தாள். கோபக்காரியா? கதவை அறைந்து சாத்துவாள், சாப்பாட்டு நேரத்துக்குத் தானாகத் திறப்பாள் என்றேன். சோம்பேறியா? காலையில் ஓம் என்றேன். அவளைப் பற்றிய குற்றப்பத்திரிகையை அவளே மொழிபெயர்க்க வேண்டியிருந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோசமும் இருந்தது. இவ்வளவு நாளும் என்னை அலைய வைத்ததற்கு அது போதாது.

பிறகு அந்த அம்மா கையால் மேலே காட்டினார். மூடுபனிக்குள் விடுதியின் கூரை தெரிந்தது. நீளமாக ஏதோ சொன்னார். தாரணி கேட்டுவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னாள்.

"இந்த மலைக்குக் குளிருக்காக வந்த ஆக்கள் கனபேராம். நல்ல ஆக்களும் வந்தவையாம். வீடு கட்டினவையாம், மரம் நட்டவையாம். ஒருத்தரும் இருக்கேல்லையாம். உங்கட பிள்ளையும் ஒருநாள் போயிடுமோ எண்டு கேக்கிறா."

பராக்கா வேலியோரம் நின்றார். இவர் என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு விளங்கியது. ஒரு வசனம் போதும். தெரியாது என்று சொன்னாலும் போதும். பொய்கூட இல்லை, பிள்ளைகளின் மனதை யார் கண்டது? அந்தத் தாய்க்கு ஒரு சந்தேகம் விழுந்தால் மகனுக்கு விழும், மகனுக்கு விழுந்தால் தாரணி பெட்டியைக் கட்டிக்கொண்டு என்னோடு விமானம் ஏறுவாள். நான் அதற்குத்தான் வந்திருந்தேன். அந்த வசனம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

தாரணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சின்னப்பிள்ளையில் நீச்சல் குளத்தின் கரையில் குதிக்காமல் நிற்பாள், அதே முகம்.

"இவள் போகமாட்டாள்" என்றேன். "ஒரு இடத்தில இருந்தாளெண்டால் எழும்பாத சாதி. எனக்கு அது துண்டா விருப்பமில்லை. இவள் என்னோட வரவேணும் எண்டுதான் எனக்கு ஆசை. ஆனா கேட்டனீங்கள், சொல்லுறன். இவள் போகமாட்டாள்."

தாரணிக்குக் கண் நிரம்பிவிட்டது.

"சொல்லு பிள்ளை. அவ பாத்துக்கொண்டு இருக்கிறா."

அவள் சொன்னாள். இரண்டு மூன்று சொல்தான். அந்த அம்மா கேட்டார், என் முகத்தைப் பார்த்தார், தாரணியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு ஏதோ கடுமையாகக் கேட்டார்.

"நீங்கள் இவ்வளவு நேரம் கதைச்சனீங்களாம், நான் இவ்வளவுதான் சொன்னனாம்" என்றாள் தாரணி. "விட்ட மிச்சத்தைச் சொல்லட்டாம்."

"சொல்லு. எனக்கு விருப்பமில்லை எண்டதைச் சொல்லு."

தாரணி தயங்கித் தயங்கி மிச்சத்தையும் சொன்னாள். அந்த அம்மா முழுதாகக் கேட்டார். வேலியோரம் நின்ற மகனை ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். தாரணி அதைச் சொல்லி முடிக்க இரண்டு தரம் மூச்சு எடுத்தாள்.

"அவ சொல்லுறா, சந்தோசமாய் விட்டிட்டுப் போற தாயின்ர பிள்ளையை அவ தன்ர மகனுக்கு எடுத்திருக்க மாட்டாவாம்."

சொல்லிவிட்டு அந்த அம்மா கிழங்குத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டில் எங்கள் ஆட்கள் கை நனைப்பதில்லை. அதுவரை நான் தேநீரைக்கூடத் தொடாமல்தான் இருந்தேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டுக் கிழங்கை எடுத்துப் பிட்டு வாயில் போட்டேன்.

உப்புக் குறைவு. அதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம் என்று தாரணியிடம் சொன்னேன்.